நல்ல பக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 34 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். போன மழைக்காலத்தில் அவருடைய லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பலருக்கும் வயிற்றோட்டம் வந்தது. இவருக்குக் காய்ச்சலோடு மூன்று நாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு, ஏழு மாதமாக, வயிறு பழையபடி ஆகவில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு மூன்று தடவை ஓட வேண்டியிருக்கிறது. சில வாரம் இறுகிப்போகிறது. சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, வெளியே போய்வந்தால் கொஞ்சம் சுகம். பழைய மருந்துத் துண்டைக் காட்டி பாமசியில் அதே அன்டிபயோட்டிக்கை இரண்டு தடவை வாங்கிக் குடித்திருக்கிறார். நாலு நாள் நன்றாக இருந்து, பிறகு முன்னையவிட மோசமாகியிருக்கிறது. கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் இல்லாததால் காலையில் பால் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். கொழும்பில் இருக்கும் தம்பி, "மருந்து நல்ல பக்டீரியாவையெல்லாம் கொன்றுவிட்டது, அதை மறுபடி போட ஒரு பவுடர் இருக்கிறது, மாதம் ஆறாயிரம் ரூபா" என்கிறாராம். மாமியார் குடல் ஏறியிருக்கிறது, எண்ணெய் தடவ வேண்டும் என்கிறார். இவருக்கோ உள்ளுக்குள் புற்றுநோய்ப் பயம். "எதை நம்புவது, டொக்டர் அம்மா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, தம்பி காசு அனுப்புவதற்கு முன் பவுடர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அவர் உங்கள்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், சொன்னதில் பாதி சரியும்கூட. அந்தச் சரியான பாதியை விளங்கிக்கொண்டால்தான் மற்றப் பாதிக்கு ஏன் காசு கொடுக்கக் கூடாது என்பதும் விளங்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவருக்கும் அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் பயம். ஒரு வயிற்றோட்டத்தைத் தொடர்ந்து ஆரம்பித்து, கூடியும் குறைந்தும் வந்து, மலம் போனதும் சுகம் தருகிற தொல்லை, 34 வயதில் புற்றுநோயாக இருப்பது மிகவும் அரிது. ஆனாலும் நீங்கள் கடிதத்தில் எழுதாத சிலவற்றை நான் கேட்டாக வேண்டும். மலத்தில் இரத்தம் போகிறதா? தார் போலக் கறுப்பாகப் போகிறதா? (இரும்புச்சத்து மாத்திரை குடிப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) காரணமில்லாமல் மெலிந்துவிட்டீர்களா? இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்கிறதா? விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறதா? கூடப்பிறந்தவர்கள், பெற்றோர் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் புண் நோயோ இருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்தப் பதிலை மேற்கொண்டு வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் பதில் என்றாலும் ஒரு தடவை இரத்தமும் மலமும் பரிசோதிக்கத்தான் வேண்டும். இரத்தத்தில் சோகை இருக்கிறதா, அழற்சி இருக்கிறதா, தைரொயிட் சரியா என்று பார்க்கலாம். மலத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜியார்டியா என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. ஓடைத் தண்ணீரில் வரும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளோரினுக்கும் லேசில் சாகாது. சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வயிற்றை ஊத வைக்கும், மலத்தை நாற்றமும் பிசுக்குமாக ஆக்கும். நீங்கள் பாமசியில் வாங்கியது மெட்ரோனிடசோல் என்றால், "நாலு நாள் சுகம்" என்று நீங்கள் எழுதியது எனக்கு ஒரு துப்பு. அது ஜியார்டியாவை அரைகுறையாக அடித்திருக்கலாம். அல்லது வாயு உண்டாக்கும் பக்டீரியாக்களைச் சில நாள் அடக்கி வைத்திருக்கலாம். எது என்பதை மலப் பரிசோதனைதான் சொல்லும். முடிந்தால் வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று தடவை கொடுங்கள். ஒரு தடவையில் தப்பிவிடும்.

சரி, இப்போது பக்டீரியாவுக்கு வருவோம்.

ஒரு மனித உடம்பில் இருக்கும் பக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016இல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நம்முடைய சொந்தக் கலங்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. அத்தனை பக்டீரியாவையும் ஒன்றாக நிறுத்தால் 200 கிராம்தான் வரும். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. இரைப்பையில் அமிலம் கடுமையானது, சிலதுதான் தாக்குப்பிடிக்கும். சிறுகுடலில் சாப்பாடு வேகமாக நகர்ந்துவிடுவதால் அங்கும் அதிகம் தங்காது. பெருங்குடலில்தான் நிதானமாகத் தங்கிப் பெருக இடமிருக்கிறது.

அங்கே அவை என்ன செய்கின்றன? சோற்றிலுள்ள மாப்பொருளையும் பருப்பிலுள்ள புரதத்தையும் நம் உடம்பே உடைத்து எடுத்துக்கொள்ளும். ஆனால் கீரை, தவிட்டோடு கூடிய அரிசி, பயறு, காய்கறி இவற்றில் உள்ள நாரை உடைக்க நம்மிடம் நொதியம் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். பக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து மூன்று அமிலங்களாக மாற்றும்: அசற்றிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக். இந்தக் கடைசி அமிலம்தான் பெருங்குடல் சுவரின் பிரதான உணவு. மற்ற உறுப்புகளுக்கு இரத்தத்தின் வழியாகச் சாப்பாடு போகிறது. பெருங்குடலின் உட்சுவரோ தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை பக்டீரியா ஆக்கித் தருவதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நார் இல்லாத சாப்பாட்டை மாதக்கணக்கில் சாப்பிட்டால் முதலில் பசியில் கிடப்பது பக்டீரியா, அடுத்தது அந்தச் சுவர். சில பக்டீரியாக்கள் பசி தாங்காமல் சுவரின்மேல் பூசியிருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் வேலைகள் உண்டு. விற்றமின் கே செய்து தரும். பித்தநீரை மாற்றியமைக்கும். இடத்தையும் உணவையும் பிடித்துவைத்துக்கொண்டு, தண்ணீரிலோ கையிலோ வந்து சேரும் நோய்க்கிருமிக்கு வழிவிடாமல் தடுக்கும். இத்தனையும் செய்யும்போது ஐதரசனும் காபனீரொட்சைட்டும், சிலருக்கு மீதேனும் வெளிவரும். வாயு போவது வேலை நடக்கிறது என்பதன் அடையாளம். அதையே ஒரு நோயாக நினைத்துக் கூச்சப்படும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருப்பதால் இதை எழுதுகிறேன். வலியும் அவசரமும் சேரும்போதுதான் அது வைத்தியத்துக்குரிய விஷயமாகிறது.

இனி அந்த மருந்து. மலையில் புல்லுக்கு மருந்து அடித்த பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேண்டாத புல்லோடு, மண்ணைப் பிடித்துவைத்திருந்த சின்னச் செடிகளும் கருகிப்போகும். அடுத்த மழைக்கு முதலில் தலை நீட்டுவது எதற்கும் அசையாத முரட்டுப் புல்தான். அன்டிபயோட்டிக் குடித்த குடலிலும் இதுதான் நடக்கிறது. 2018இல் டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு நாலு நாள் மூன்று வலுவான அன்டிபயோட்டிக்கைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் பக்டீரியா பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆரம்பத்தில் எல்லோரிடமும் இருந்த 9 வகைகள், ஆறு மாதம் ஆகியும் பெரும்பாலானவர்களிடம் தென்படவில்லை. தங்கச்சி, இதில் இரண்டு செய்தி இருக்கிறது. குடல் தானாகவே மீளும், அது நல்ல செய்தி. ஆனால் மீள்வதற்கு அவகாசம் வேண்டும். நீங்கள் அது எழும்பி வரும் நேரம் பார்த்து இரண்டு தடவை மறுபடி அடித்திருக்கிறீர்கள். தம்பி சொன்னதில் சரியான பாதி இதுதான்.

அன்டிபயோட்டிக் கெட்டது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரத்தமும் காய்ச்சலுமாக வரும் வயிற்றுளைவுக்கு, நெருப்புக் காய்ச்சலுக்கு, அது உயிர் காக்கும் மருந்து. இரைப்பைப் புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கவலையாலும் காரத்தாலும் வருவது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு வைத்தியர்கள் அது ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற பக்டீரியாவின் வேலை என்றார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமி இருப்பது உறுதியானால் இரண்டு வகை அன்டிபயோட்டிக்கை முழுதாகக் கொடுத்து அடியோடு தீர்க்கிறோம். ஆகவே எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்று தெரிந்து குடிப்பதுதான் முறை. தண்ணியாகப் போகும் சாதாரண வயிற்றோட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஜீவனியும் (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்) கஞ்சியும் போதும். பாமசிக்காரருக்குப் பழைய துண்டைக் காட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஆனால் உங்கள் தொல்லை முழுவதையும் மருந்தின் தலையில் போடவும் எனக்கு மனமில்லை. முதலில் வந்த அந்த வயிற்றோட்டமே போதுமான காரணம். கனடாவில் வோக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அடைமழையில் மாட்டுச்சாணம் கலந்த தண்ணீர் ஊர்க் கிணற்றில் இறங்கி, குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போனது. சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை வைத்தியர்கள் விடாமல் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அப்போது வயிற்றோட்டம் வந்தவர்களில் நூற்றுக்கு 28 பேரளவில், இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகும் நீங்கள் எழுதியிருப்பதைப் போலவே கஷ்டப்பட்டார்கள்: வலி, ஊதல், காலையில் ஓட்டம், இடையில் இறுக்கம். ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எளிதில் கூசும் குடல்) என்று சொல்வது இதைத்தான். எட்டாவது ஆண்டில் அது நூற்றுக்கு 15ஆகக் குறைந்திருந்தது.

கிருமி போன பிறகும் ஏன் தொல்லை தங்குகிறது? குடல் சுவரில் லேசான அழற்சி மிஞ்சிவிடுகிறது. அங்குள்ள நரம்புகள் கூசிப்போய்விடுகின்றன. முன்பு உணர்வே தராத அளவு வாயு இப்போது வலியாகத் தெரிகிறது. பக்டீரியாக் கூட்டமும் மாறியிருக்கிறது. இவை எல்லாம் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கும். கவலை கூடினால் இன்னும் கூடும், ஏனென்றால் மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புத் தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. யாராவது "எல்லாம் மனசு" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது நிஜமான உடல் தொல்லை. பரிசோதனைகளில் வேறொன்றும் தெரியாவிட்டால் உங்களுக்கு இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லை, புற்றுநோயாக மாறாது, வோக்கர்டனில் பார்த்ததைப்போல மெல்ல மெல்லக் குறையக்கூடியது.

அப்படியானால் தம்பி சொல்லும் பவுடர் இதைச் சீக்கிரமாக்காதா? பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல், அன்டிபயோட்டிக் குடித்தவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 11 வகை பக்டீரியா கலந்த மருந்து, ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே எடுத்துவைத்த அவரவர் சொந்த மலக்கரைசல், ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. சொந்தக் கரைசல் உள்ளே போனவர்களின் குடல் சில நாட்களில் பழையபடி ஆனது. எதுவும் எடுக்காதவர்களுக்குச் சில வாரம். பக்டீரியா மருந்து குடித்தவர்களுக்குத்தான் மிகவும் தாமதமாகியது, ஏனென்றால் வந்த புதியவை இடத்தைப் பிடித்துக்கொண்டு பழையவற்றைத் திரும்ப விடவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஐ.பி.எஸ்.ஸுக்கு இந்த வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020இல் சொல்லிவிட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது போன்ற சில இடங்களில் பயன் உண்டு, உங்களுடையது அந்த இடமில்லை.

ஒரு முழுக் கூட்டத்தை மாற்றி வைத்தால் பலன் கிடைக்கிறது என்பதும் உண்மை. அன்டிபயோட்டிக்குக்குப் பிறகு குளோஸ்ட்ரிடியம் டிபிசில் என்ற கிருமி குடலைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கடும் வயிற்றோட்டம் தரும் நோயாளிகளுக்கு, நெதர்லாந்தில் ஆரோக்கியமானவர்களின் மலக்கரைசலைக் குடலுக்குள் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே நோய் நின்றது. 2013இல் அது வெளியானபோது வைத்திய உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் நூற்றுக்கணக்கான வகைகள் கொண்ட ஒரு முழுக் கூட்டம் செய்த வேலையை, பக்கெட்டில் அடைத்த ஐந்தாறு வகை செய்யும் என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் மாதம் ஆறாயிரம் ரூபா! நாட்சம்பளத்துக்குக் கூடை தூக்கும் ஒரு தாயிடம் அதைக் கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்தப் பணத்துக்குப் பிள்ளைகளுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. தண்ணீரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் லயத்தில் பலருக்கும் ஒன்றாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே மாட்டுப்பட்டியோ மரக்கறித் தோட்டமோ கக்கூஸ் குழியோ இருந்தால், மழை பெய்த நாட்களில் அது அத்தனையும் கழுவிக்கொண்டு உங்கள் குடத்துக்கு வரும். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதி வரும்வரை கொதிக்க வைத்து, மூடி போட்டு ஆற வையுங்கள். உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும், அதனால் கிருமி சாகாதோ என்று சிலர் கேட்கிறார்கள். சாகும், ஜியார்டியாவும் சாகும். இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் போதும். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலிலும் இந்தத் தண்ணீர்தான் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி பீலித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் மாதர் சங்கத்துப் பெயரில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது அந்தப் பால் தேத்தண்ணி. பாலில் உள்ள இலக்டோசு என்ற சர்க்கரையை உடைக்கும் நொதியம், வளர்ந்த பிறகு நம் மக்களில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடுகிறது. வயிற்றோட்டம் வந்து சிறுகுடல் சுவர் புண்பட்டால் இருந்ததும் சில வாரம் இல்லாமல் போகும். உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் பக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு ஊதலும் ஓட்டமும். பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சர்க்கரைதான். வெறும் வயிற்றில் அதைக் குடித்துவிட்டு மலை ஏறுகிறீர்கள். இரண்டு வாரத்துக்குப் பாலையும் பால்மாவையும் முழுக்க நிறுத்திப் பாருங்கள். பால் போடாத பிளேன்டி குடியுங்கள். வித்தியாசம் தெரிந்தால் காரணத்தில் ஒரு பகுதி பிடிபட்டது. தெரியாவிட்டால் பால் மேல் பழியில்லை, மறுபடி குடிக்கலாம். தயிரும் யோகட்டும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், அவற்றிலுள்ள பக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தானே உடைத்துவிடுகிறது. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைக் கட்டிப்போடும். கொழுந்து பறிக்கும் பெண்களில் எத்தனை பேர் சோகையோடு மலை ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டில் மெதுவாகத்தான் மாற்றம் செய்ய வேண்டும். ஒரே நாளில் கீரையும் கடலையுமாகத் தொடங்கினால் வயிறு இன்னும் ஊதும், "டொக்டர் சொன்னதால்தான்" என்று என்னையே திட்டுவீர்கள். மதியத்துக்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான் பெரும்பாலான நாள் கொண்டுபோவீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளை மாவில் நார் குறைவு, ஆனால் ஃபிரக்டான் என்ற பொருள் இருக்கிறது. அது கூசிப்போன குடலில் வேகமாகப் புளித்து வாயுவாகும். வெங்காயம், வெள்ளைப்பூண்டு, கோவா இவற்றாலும் அதே தொல்லை வரும். லீக்ஸில் அடித்தண்டுதான் தொல்லை, பச்சை இலைப் பகுதி அவ்வளவு செய்யாது. நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் மரக்கறி என்பதால் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு இவற்றைக் குறைத்துக்கொண்டு, சிவப்பரிசிச் சோறு, குரக்கன் (கேழ்வரகு), உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி, பூசணி இவற்றைக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ரொட்டிக்கு மாவில் பாதி குரக்கன் மா சேர்க்கலாம். வயிறு ஒத்துக்கொண்டால் இரண்டு நாளாக்கலாம். ஒரு மாதம் கழித்து நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எது உங்களுக்கு ஆகாது என்பது அப்போது தெரியும், மற்றதை எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம். இந்த முறையை மெல்பனில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வகுத்தார்கள். நிரந்தரமாக ஒதுக்கி வைப்பதற்கு வகுக்கப்பட்டதில்லை. பருப்பும் பயறும் கீரையும் நீண்ட காலத்துக்கு இல்லாமல் போனால் பக்டீரியா பட்டினி கிடக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா.

பழஞ்சோறு சாப்பிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாப்பிடலாம், நல்லதும்கூட. சோறு ஆறும்போது அதிலுள்ள மாப்பொருளில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் பக்டீரியாவுக்குப் போய்ச் சேரும். ஆனால் ஒரு கவனம். சமைத்த சோற்றிலும் உயிரோடு மிஞ்சும் ஒரு கிருமி உண்டு, சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் நஞ்சு விடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் சீக்கிரமாக ஆற வைத்து, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, சுத்தமான சட்டியில் மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நம்முடைய குளிருக்கு ஓர் இரவில் அதிகம் புளிக்காது. புளிக்கட்டும் என்று இரண்டாம் நாளுக்கு வைக்க வேண்டாம்.

கக்கூஸ் விஷயம் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வருகிறது. எனக்கு அதுதான் மிகவும் உறுத்தியது. மலையில் ஒதுங்க இடமில்லை என்பதற்காக ஒரு பெண் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், வருவதை அடக்கிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நிற்கிறாள். லயத்துக்குப் போய்வந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அடக்கி அடக்கி மலம் இறுகும், பிறகு ஒரேயடியாகக் கட்டுமீறும். சிறுநீரை அடக்குவதால் கிருமி பிடித்து, அதற்கு மறுபடி அன்டிபயோட்டிக் குடிக்க வேண்டிவரும். வேலைத்தலத்தில் மலசலகூடம் கேட்பது சலுகை கேட்பதாகாது, தொழிற்சங்கத் தலைவரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். அதுவரைக்கும் இப்படிச் செய்து பாருங்கள். வயிற்றுக்குள் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அது காலையில் மிகவும் வலுவாக இருக்கும். அரை மணி முன்னதாக எழுந்து வெந்நீர் குடித்து, கொஞ்சம் சோறோ அவித்த கிழங்கோ சாப்பிட்டுவிட்டு அவசரமில்லாமல் கக்கூஸுக்குப் போங்கள். சில வாரத்தில் குடல் அந்த நேரத்துக்குப் பழகிவிடும். பிள்ளைகளை எழுப்பி, அடுப்பு மூட்டி, தண்ணீர் எடுக்கும் நேரத்தில் இன்னொரு அரை மணி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வீட்டுக்காரரிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுங்கள். இதையும் மருந்துத் துண்டில் எழுதியதாகவே சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து ஆறேழு வாரத்தில் மாற்றம் இல்லாவிட்டால் மருந்துகள் இருக்கின்றன. வயிற்றுப் பிடிப்புக்கு மெபெவரின், இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வருவதற்கு இசப்கோல், நரம்புக் கூச்சம் அதிகமானால் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின். இவற்றைக் கிளினிக்கில் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கேஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்து ஒமிப்ரசோலை மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். இரைப்பை அமிலம் குறைந்தால் தண்ணீரில் வரும் கிருமிக்கு வழி இன்னும் சுலபமாகும்.

மாமி எண்ணெய் தடவட்டும். குடல் இடம் மாறி ஏறுவதில்லை, ஆனால் வெதுவெதுப்பான எண்ணெயோடு மெதுவாகத் தடவினால் பிடித்துக்கொண்ட வயிறு கொஞ்சம் இளகும், அவருக்கும் உங்களுக்காக ஏதோ செய்த ஆறுதல் கிடைக்கும். அழுத்திப் பிசைய மட்டும் விடாதீர்கள். பேதிக்குக் கொடுக்கிறேன் என்று ஆமணக்கெண்ணெய் எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நேரத்தில் கட்டாயம் வேண்டாம். கிளினிக்குக்குப் போகும் நாளில் பழைய துண்டையும், பாமசியில் வாங்கிய மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன மருந்தை எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதைத்தான் அங்குள்ள டொக்டர் முதலில் கேட்பார்.